வடக்குப் பார்த்த கடை

அந்த மனுசனை நான் கடையை விட்டு மூண்டு தரம் துரத்தியிருக்கிறன். மூண்டு தரமும் அடுத்த நாள் காலமை பத்து மணிக்கு, ஒண்டுமே நடக்காத மாதிரி, தொப்பியைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு "போன்ழூர் அம்மா" எண்டு வாசல்லை வந்து நிண்டவர். ரோசம் எண்டதே இல்லாத பிறவி எண்டுதான் அப்ப நினைச்சன். இப்ப யோசிச்சால், அவருக்கு ரோசம் இருந்தது, ஆனா அது வேற எங்கேயோ இருந்தது.

எண்பதுகளின்ர நடுப்பகுதி. பாரிஸ் நகரத்து லா சப்பலிலை தமிழ்க் கடையள் விரல்விட்டு எண்ணக்கூடிய காலம். என்ர மனுசன் எனக்கு முந்தியே வந்து வதிவிடப் பேப்பர் எடுத்து, விமான நிலையத்திலை பெட்டி தூக்கிச் சேர்த்த காசிலை ஒரு சின்னச் சீலைக்கடை போட்டவர். கடையிலை நிக்கிறது நான். வீடு கூசேன்வில்லிலை. காலமை ரயில் பிடிச்சு கார் து நோர் ஸ்டேசனிலை இறங்கி நடந்து வருவன். கடைக்கு வெய்யில் ஒரு நாளும் உள்ள வராது. வடக்குப் பார்த்த வாசல். அதாலைதான் வாடகை குறைவு எண்டு என்ர மனுசன் பெருமையாச் சொல்லுவார். மாரி காலத்திலை காலுக்குக் கீழ ஐஸ் வைச்ச மாதிரி இருக்கும், பெருமை பேசினவருக்கு அது தெரியாது.

அந்த வடக்கு வெளிச்சத்துக்காகத்தான் அந்தத் தொப்பிக்கார ஐயா வந்தவர். சீலை வாங்க இல்லை, கதைக்கவும் இல்லை. கோட்டுப் பையிலை இருந்து ஒரு நீலத் தாள் பொட்டலத்தை எடுப்பார். அதுக்குள்ள ஒரு கை அளவு பஞ்சு இருக்கும். வாசல் நிலையிலை சாய்ஞ்சு நிண்டு கொஞ்சத்தைப் பிய்ச்சு, ரெண்டு பெருவிரலாலையும் மெல்ல இழுத்து, தன்ர கறுத்தக் கோட்டுக் கையிலை நார் நாராய்ப் போட்டுப் பாப்பார். பிறகு திருப்பி மடிச்சுப் பையிலை வைப்பார். அவ்வளவுதான். கால் மணித்தியாலம்.

"என்ன ஐயா இது, பூசையோ?" எண்டு முதல் நாள் கேட்டன்.

"கண்ணு மறந்துடக் கூடாதும்மா," எண்டார். "பருத்தியத் தரம் பிரிக்கிறது வடக்கு வெளிச்சத்துல மட்டும்தான். தெக்கு வெளிச்சம் மஞ்சளாக் காட்டி ஏமாத்தும். எங்க வூடு தெக்கு."

பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை. இளந்தாரியா இருக்கேக்கையே ஆபிரிக்காவுக்குப் போய், அங்கை ஒரு நாட்டிலை அரசாங்கப் பருத்திக் கொம்பனியிலை தரம் பிரிக்கிற வேலை. தலை நரைக்குமட்டும் அதே வேலை. எந்த நாடு எண்டு எனக்குச் சொன்னவர்தான், நான் இஞ்சை எழுதப்போறேல்லை. அங்கை உள்ளவை இப்பவும் பருத்திதான் போடினம்.

கோதாரி என்னெண்டால், அந்த மனுசனுக்குத் தரம் பிரிக்கிறதை நிப்பாட்டத் தெரியாது. கோப்பி குடிச்சால், "ரெண்டாந்தரம்." பாண் கடிச்சால், "மொதல் தரம், ஆனா நேத்துப் போட்டது." பூசை முடிஞ்சு கோயில் வாசல்லை சுவாமியார் கை குடுக்கேக்கை, "இன்னைக்குப் பிரசங்கம் ரெண்டாந்தரம் ஃபாதர்." சுவாமியார் சிரிச்சுக்கொண்டு போயிட்டார், பின்னாலை நிண்ட நான்தான் நாணிக்கோணி நிண்டன். அவரின்ர மனுசி, பாவம், நல்ல வாய்க்காரி. ஒரு நாள் வீட்டை கூப்பிட்டுச் சாப்பாடு தந்தவ. அவர் ரசத்தை ஒரு வாய் வைச்சு, "ரெண்டாந்தரம்," எண்டார். "குடிக்கிற மூஞ்சி மூணாந்தரம், அதுக்கு இது போதும்," எண்டு மனுசி திரும்பியும் பாக்காமல் சொன்னா. அவர் கோவிக்கேல்லை. கொஞ்சம் யோசிச்சு, "அதுவும் சரிதான்," எண்டார்.

முதல் தரம் துரத்தினது ஒரு சீலையாலை. செவ்ரானிலை இருந்து தாயும் மகளும் வந்திருந்தவை. அஞ்சாறு பருத்திச் சீலை விரிச்சு, விலை பேசி, மடிச்சுப் பையிலை போடுற நேரம். வாசல்லை நிண்டவர் உள்ள வந்து, ஒரு சீலையின்ர தலைப்பிலை ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரிச்சு, வெளிச்சத்திலை பிடிச்சு, "அம்மா, இது பருத்தி இல்ல. பாதிக்கு மேல நைலான்," எண்டார். தாய் என்னைப் பாத்தா. மகள் தாயைப் பாத்தா. சீலையள் எல்லாம் திருப்பி மேசைக்கு வந்தது.

அவை போன பிறகு நான் பேசின பேச்சு! "நீங்கள் ஆர், சுங்கக்காரரோ? உங்களுக்கு என்ர கடையிலை என்ன அலுவல்? இனி இந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கப்படாது!"

"நீங்க பருத்தின்னு எழுதி வெச்சிருக்கீங்கம்மா. கலப்புன்னு எழுதுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்," எண்டுபோட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அண்டைக்குப் பின்னேரம் முழுக்க நான் இருந்து ஒவ்வொரு சீலையா நூல் உருவிப் பாத்தன். பிறகு அட்டையை மாத்தி எழுதினன். சொன்னால் நம்பமாட்டியள், அதுக்குப் பிறகுதான் கடைக்குச் சனம் வரத் தொடங்கினது. அந்தக் கடையிலை பொய் இல்லை எண்டு கதை பரவிட்டுது. அதை நான் அவருக்கு ஒரு நாளும் சொல்லேல்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

ரெண்டாந்தரம் துரத்தினது என்ர சொந்தக் கதையாலை. நான் அகதி விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. ஊரிலை நடந்ததைப் பிரெஞ்சிலை எழுத ஆள் வேணும். அவருக்குப் பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு. நான் சொல்லச் சொல்ல வாசல்லை கதிரை போட்டு எழுதினார். வீடு எரிஞ்சது எண்டு வந்த இடத்திலை பேனையை நிப்பாட்டினார்.

"முழு வூடுமாம்மா?"

"குசினியும் ஒரு அறையும். ஆனா முழு வீடு எண்டு எழுதுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் எழுதினம்."

"குசினியும் ஒரு அறையும்," எண்டு சொல்லிக்கொண்டே எழுதினார்.

எனக்கு வந்த விசர்! இவருக்கென்ன, பிரெஞ்சுக்காரர், நாளைக்கு என்னைத் திருப்பி அனுப்பினால் இவரோ வந்து நிப்பார்? கத்தினன். தாளைப் பறிச்சன். வெளியிலை போங்கோ எண்டன். அடுத்த நாள் வேற ஆளைத் தேடினன், கிடைக்கேல்லை, கடைசியிலை அவர் எழுதினதையே அனுப்பினன். விண்ணப்பம் சரிவந்தது. குசினியும் ஒரு அறையும் எண்டு எழுதினதாலை சரிவந்ததோ, அப்பிடி எழுதியும் சரிவந்ததோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

பருத்திக் கதையை அவர் துண்டு துண்டாத்தான் சொன்னவர். பஞ்சை இழுத்துக்கொண்டு நிக்கேக்கை வாய் தன்ர பாட்டிலை கதைக்கும். அங்கை விதை குடுக்கிறதும் அரசாங்கம், உரம் குடுக்கிறதும் அரசாங்கம். விதைக்க முந்தியே இந்த முறை விலை இவ்வளவு எண்டு றேடியோவிலை சொல்லிப்போடுவினம். வாங்கிறதும் அதே அரசாங்கக் கொம்பனிதான். வேற ஆருக்கும் வித்தால் பிடிச்சு மறியலிலை போடுவினம். முதல் தரத்துக்கு ஒரு விலை, ரெண்டாந்தரத்துக்கு அதைவிடக் குறைஞ்ச விலை. எது எந்தத் தரம் எண்டு சொல்லுறதும் கொம்பனியின்ர ஆள்தான்.

"சந்தையில பாத்தா, பாதிக் குவியல ரெண்டாந்தரம்னு ஓரம் கட்டுவான். ஒரு பிடி எடுத்துப் பாக்கமாட்டான், தூர நின்னு கை காட்டுவான். அதே பருத்தி ஆலைக்கு வரும். கொட்டை நீக்கிப் பஞ்சா என் மேசைக்கு வரும். நான் பாத்தா எல்லாம் மொதல் தரம்! கப்பல்ல ஏறுறதும் மொதல் தரம்னுதான். அப்ப நடுவுல என்னம்மா ஆச்சு?"

"விளங்குதுதானே. களவு," எண்டன்.

எனக்கு உது புதுக்கதை இல்லை. என்ர அப்பா வெங்காயம் போட்டவர். சந்தையிலை தரகர் கழிச்சுப் போட்ட வெங்காயம் அடுத்த நாள் அதே தரகரின்ர கடையிலை நல்ல விலைக்கு இருக்கும். அதைப் பாத்துப் பாத்து அப்பாவுக்குச் சலிச்சுப்போச்சு, எனக்குச் சலிக்கேல்லை.

அவர் அதைக் கொம்பனிக்கு எழுதினாராம். உடனே வேற ஆலைக்கு மாத்தினாங்களாம். அங்கை இருந்தும் எழுதினார். பிறகு இன்னும் தூரத்து ஆலை. அவரின்ர மனுசி சொல்லுவா, "இந்தாளு எழுதின ஒவ்வொரு காயிதத்துக்கும் நான் ஒரு தபா சட்டி பானைய மூட்டை கட்டினேன்," எண்டு. விலையைக் கூட்டித் தாங்கோ எண்டு அவர் ஒருநாளும் கேட்டதில்லை. விலை மேலிடத்திலை முடிவாகிறது, அதைத் தொட ஏலாது எண்டு அவருக்குத் தெரியும். அவர் கேட்டதெல்லாம், ஊரிலை வைச்சு ஊர்ச்சனத்துக்கு முன்னாலை நிறுங்கோ, அவையின்ர கண்ணுக்கு முன்னாலை தரம் சொல்லுங்கோ, லொறியைச் சொன்ன நாளுக்கு அனுப்புங்கோ எண்டதுதான். "இது மூணும் செஞ்சாப் போதும், குடியானவன் கையில காசு தானா நிக்கும். சர்க்கார் ஒரு சல்லி செலவு பண்ண வேணாம்," எண்டு சொல்லேக்கை மட்டும் அவரின்ர குரல் ஏறும். தெருவிலை போற வெள்ளைக்காரர் திரும்பிப் பாப்பினம்.

அப்பதான் பக்காரி வந்தான். வந்தார் எண்டு சொல்லவேணும், என்னைவிட வயசு கூடினவர். ஆபிரிக்காவிலை அந்தப் பருத்தி ஊர்கள் ஏழெட்டுச் சேர்ந்து காசு போட்டு அனுப்பின கமக்காரர். உயரமான, அமைதியான மனுசன். பக்கத்துத் தெருவிலை ஆபிரிக்கத் தொழிலாளர் தங்கிற விடுதியிலை ஒரு கட்டில் பிடிச்சிருந்தவர். ஐயாவின்ர விலாசத்தை ஒரு துண்டுத் தாளிலை வைச்சுக்கொண்டு தேடித் தேடி, கடைசியிலை என்ர கடை வாசல்லை கண்டுபிடிச்சார். ஐயா அவரைக் கண்டு பஞ்சைக் கீழ போட்டுட்டார். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவை.

விசயம் இதுதான். அந்த வருசம் இந்த ஊர்களின்ர பருத்தி முழுக்க ரெண்டாந்தரம் எண்டு கொம்பனி சொல்லிப்போட்டுது. சனம் கொதிச்சுப்போய், அப்பிடியெண்டால் அடுத்த முறை பருத்தி விதைக்கமாட்டம், தினைதான் போடுவம் எண்டு நிண்டிட்டுதுகள். அரசாங்கம் பயந்துபோச்சு. கடைசியிலை ஒரு ஒப்பந்தம்: குவியல்களிலை இருந்து பன்னிரண்டு பொட்டலம் எடுத்து, ரெண்டு பக்கமும் முத்திரை வைச்சு, பாரிசிலை இருக்கிற கொம்பனி அலுவலகத்துக்கு அனுப்புறது. கொம்பனியின்ர நிபுணர் ஒருத்தர், ஊர்களின்ர நிபுணர் ஒருத்தர் பாக்கிறது. பன்னிரண்டும் முதல் தரம் எண்டு ரெண்டு பேரும் சொன்னால் எல்லாக் குவியலுக்கும் முதல் தர விலை. ஒண்டே ஒண்டு பிசகினாலும் கலப்புக் குவியல் எண்டு கணக்கு, எல்லாத்துக்கும் ரெண்டாந்தர விலை. ஊர்கள் தங்கட நிபுணர் எண்டு ஐயாவின்ர பேரைக் குடுத்திருந்தவை.

"ஊரில் எல்லாரும் உங்களைத்தான் சொன்னார்கள். பொய் சொல்லாத மனிதர் என்று கொம்பனிக்கே தெரியும், அதனால் மறுக்கமாட்டார்கள் என்று," பக்காரி பிரெஞ்சிலை சொன்னார். எனக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கும்.

இதிலையும் ஐயா ஒரு கூத்தாடினார். கொம்பனி அலுவலகத்துக்குப் போய் அறையைப் பாத்திட்டு வந்து, "அங்க டியூப் லைட்டு. டியூப் லைட்டுல நான் பாக்கமாட்டேன். ஜன்னல் தெக்குப் பாத்து இருக்குது," எண்டு நிண்டார். எனக்குத் தலையிலை அடிக்கலாம் போலை இருந்தது. கொம்பனியின்ர நிபுணர் ஒரு வயசான பிரெஞ்சுக்காரர், முந்தி ஆபிரிக்காவிலை இவரோட ஒரே ஆலையிலை வேலை செய்தவர். அவர் சிரிச்சுப்போட்டு, "நீ மாறவேயில்லை. உனக்கு எங்கே வெளிச்சம் இருக்கிறது?" எண்டு கேட்டாராம். அப்பிடித்தான் ஒரு நாட்டின்ர ஏழெட்டு ஊர்ப் பருத்திக்கு லா சப்பல் சீலைக்கடையிலை தீர்ப்பு எண்டு முடிவாச்சு. திங்கக்கிழமை காலமை பத்து மணி. கடைக்காரி எண்ட முறையிலை நான் சாட்சிக் கையெழுத்து.

முதல் நாள் ஞாயிறு, பூசை முடிஞ்சு வந்தாப்பிறகு நான் அவரை இருத்தி வைச்சுக் கதைச்சன். அவருக்கு ஒரு கண்ணிலை வெள்ளை படர்ந்து வந்துகொண்டிருந்தது, எல்லாருக்கும் தெரியும்.

"ஐயா, நாளைக்கு ஒரு நாள். பன்னிரண்டையும் முதல் தரம் எண்டு சொல்லிவிடுங்கோ. உங்கட பூட்டன் வந்து கேக்கப்போறானோ?"

"பாத்துட்டு சொல்றேம்மா."

"என்னத்தைப் பாக்கிறது! கொம்பனிக்காரங்கள் இவ்வளவு காலம் பாத்தே சொன்னவங்கள்? சரி, ஏதும் ஒண்டு பிசகாத் தெரிஞ்சால் கண் தெரியேல்லை எண்டாவது சொல்லுங்கோ. அது பொய்யும் இல்லை."

"இந்தக் கண்ணு நல்லாத்தான் தெரியுது," எண்டு மற்றக் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

பக்காரியும் பக்கத்திலைதான் இருந்தவர். அவர் ஐயாவை முழுசா நம்பினார்.

திங்கக்கிழமை நல்ல முகில். ஐயாவுக்குப் பிடிச்ச வெளிச்சம். சீலை மடிக்கிற மேசையைத் துடைச்சு வாசலுக்குக் கிட்ட இழுத்துவிட்டன். கறுத்தத் துணி வேணும் எண்டார், சட்டைத்துணி ஒண்டைக் கிழிச்சுக் குடுத்தன். கொம்பனிக்காரர் சாம்பல் நிற மழைக்கோட்டோட வந்து, எல்லாருக்கும் கை குடுத்து, பெட்டியைத் திறந்தார். நீலத் தாள் பொட்டலங்கள். முத்திரை உடையாமல் இருக்கு எண்டு பக்காரி ஒவ்வொண்டாப் பாத்துத் தலையாட்டினார். ஒரு அச்சடிச்ச தாள். அதிலை அஞ்சு நிரல்: பொட்டல இலக்கம், நிறம், நார் நீளம், குப்பை, தரம்.

முதல் பொட்டலம். ஐயா பிய்ச்சார், இழுத்தார், கறுத்தத் துணியிலை போட்டார். "மொதல் தரம்." கொம்பனிக்காரரும் பாத்தார். "தக்கோர்," எண்டார், சரியாம். எழுதினார். ரெண்டாவது, முதல் தரம். மூண்டாவது, முதல் தரம். நான் உள்ளுக்குள்ள செபமாலை சொல்லுற மாதிரி எண்ணிக்கொண்டு நிண்டன். ஏழு. எட்டு. கொம்பனிக்காரர் ஒண்டுக்கும் எதிர்ப்புச் சொல்லேல்லை. அந்த மனுசனும் பருத்தி தெரிஞ்சவர்தானே, இவ்வளவு காலம் அங்கை என்ன நடந்தது எண்டு அவருக்கும் விளங்கினது முகத்திலை தெரிஞ்சது. பத்து. பதினொண்டு. முதல் தரம்.

பன்னிரண்டாவதைத் திறந்த உடனே எனக்கே தெரிஞ்சிட்டுது. வெள்ளைக்குள்ள ஒரு தேத்தண்ணிக் கறை மாதிரி மஞ்சள்.

ஐயா அதைக் கையிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். படியிலை இறங்கி நிண்டு பாத்தார். கொம்பனிக்காரர் என்ன செய்தார் தெரியுமோ? சிகரெட் ஒண்டைப் பத்தவைச்சுக்கொண்டு, முகத்தைத் திருப்பிச் சீலை அலுமாரியைப் பாக்கத் தொடங்கினார். அந்த மனுசன் வேணுமெண்டுதான் பாக்காமல் விட்டவர். இண்டைக்கும் நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவன். ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு ஐயா சொன்னால் அவர் "தக்கோர்" எண்டு எழுதிப்போட்டுப் போயிருப்பார்.

ஐயா திரும்பி வந்தார். பஞ்சைத் துணியிலை வைச்சார்.

"ரெண்டாந்தரம்," எண்டார்.

பக்காரி மெல்லக் கிட்ட வந்து அந்தப் பஞ்சைத் தொட்டார். "இது கடைசிக் குவியல். என் குவியல். பறிக்கும்போது வெள்ளையாக இருந்தது. லொறி ஒன்றரை மாதம் பிந்தி வந்தது. அதற்குள் மழை பெய்துவிட்டது. நாங்கள் பாய் போட்டு மூடினோம், போதவில்லை."

"எனக்குத் தெரியும்," ஐயா சொன்னார். கொம்பனிக்காரரிட்டைத் திரும்பினார். "எழுது. பறிச்சப்ப மொதல் தரம். லொறி வராததால மழையில நனைஞ்சு ரெண்டாந்தரம். தப்பு கொம்பனியோடது. அப்படியே எழுது."

கொம்பனிக்காரர் தாளை விரலாலை தடவினார். "எங்கே எழுத?" எண்டார். குரலிலை நக்கல் இல்லை. "இலக்கம், நிறம், நீளம், குப்பை, தரம். காரணத்துக்குக் கட்டம் இல்லை. கட்டத்துக்கு வெளியே எழுதுவதை வெட்டிவிட வேண்டும் என்பது விதி."

"யார் இந்தத் தாளைத் தயாரித்தது?" எண்டு பக்காரி கேட்டார். முதல் முறையா அவரின்ர குரலிலை கோபம்.

கொம்பனிக்காரர் நிலத்தைப் பாத்தார். 

"நான்தான்," எண்டார் ஐயா. "வேலைக்குச் சேந்த ரெண்டாம் வருஷம். அப்ப ஒவ்வொருத்தனும் வாய்க்கு வந்த காரணத்த ஓரத்துல எழுதி வெப்பான். பருத்தியப் பாத்துச் சொல்லுங்கடா, கதை எழுதாதீங்கன்னு நான்தான் போட்டேன். கட்டமும் நான் போட்டது. விதியும் நான் போட்டது."

தாள் நிரம்பிச்சுது. தரம்: ரெண்டு. கீழ, மொத்தக் குவியல்: ரெண்டு. கொம்பனிக்காரர் கையெழுத்து வைச்சார், ஐயா வைச்சார், பக்காரி ஒவ்வொரு எழுத்தாத் தன்ர பேரை எழுதினார். பிறகு பேனை என்னட்டை வந்தது.

ஆத்திரத்திலை வெடுக்கெண்டு வாங்கினன். சாட்சி எண்ட இடத்திலை தமிழிலை எழுதினன்: "லொறி வரேல்லை. மழை பெய்தது. இவையின்ர பிழை இல்லை. ராணி." ஏன் எழுதினன் எண்டு கேட்டால் தெரியாது. ஆருக்கு விளங்கப்போகுது? எழுதாமல் இருந்தால் நெஞ்சு வெடிச்சிருக்கும்.

கொம்பனிக்காரர் தாளை எடுத்துப் பாத்தார். புருவத்தைச் சுருக்கினார். "இவ்வளவு நீளமாக என்ன எழுதியிருக்கிறீர்கள், மதாம்?" எண்டு கேட்டுப் பேனையைத் திறந்தார், வெட்ட.

நான் வாயைத் திறக்க முந்தி ஐயா குனிஞ்சு தாளைப் பாத்தார். நல்லாத் தெரியிற கண்ணாலை. எழுத்து எழுத்தா வாசிச்சார்.

"அவங்க பேரு," எண்டார் பிரெஞ்சிலை. "தமிழ்ப் பேர் நீளம். அப்பா பேர், ஊர் பேர் எல்லாம் சேந்து வரும்."

"ஆ, பொன்," அப்பிடியோ எண்டு கொம்பனிக்காரர் பேனையை மூடிக்கொண்டார்.

என்ர பேர் ராணி. ரெண்டே ரெண்டு எழுத்து.

கொம்பனிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிட்டார். பக்காரி ஐயாவின்ர கையைப் பிடிச்சார், கன நேரம் விடேல்லை. "நீங்கள் பார்த்ததைச் சொன்னீர்கள். இதை நான் ஊரில் எப்படிச் சொல்வது?" எண்டு கேட்டார். கேட்டுப்போட்டுப் பதிலுக்கு நிக்காமல் போனார். அந்தப் பன்னிரண்டாம் பஞ்சிலை கொஞ்சம் மேசையிலை கிடந்தது, அதை எடுத்துச் சட்டைப் பையிலை போட்டுக்கொண்டுதான் போனவர்.

அதுக்குப் பிறகு நான் ஆடின ஆட்டம் இருக்கே, பக்கத்துக் கடைக்காரர் எல்லாம் எட்டிப் பாத்தவை. "பொய் சொல்லமாட்டாராம்! உத்தமராம்! இப்ப என்னத்தைச் சொன்னனீங்கள்? உப்பிடி ஒரு பொய்யைக் கால் மணித்தியாலம் முந்திச் சொல்லியிருந்தால் என்ன, வாய் அழுகிப்போயிருக்குமோ? ஏழெட்டு ஊர்ச் சனம் திண்டிருக்கும்! என்ர கிறுக்கலைக் காப்பாத்தவோ பொய்? அது ஆருக்குப் பிரயோசனம்?" போங்கோ வெளியிலை எண்டன். அவரின்ர தொப்பியை எடுத்துத் தெருவிலை எறிஞ்சன். அது நான் செய்திருக்கக் கூடாது. வயசுபோன மனுசன், குனிஞ்சு எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வருசம் அந்த ஊர்களுக்கு ரெண்டாந்தர விலைதான் போனது. அடுத்த முறை பாதிப்பேர் தினை போட்டவை எண்டு பக்காரி ஐயாவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். வேற ஒண்டும் எழுதேல்லை. சுகமோ எண்டுகூடக் கேக்கேல்லை.

தொப்பியை எறிஞ்ச அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான் சீலை மடிச்சுக்கொண்டு நிண்டன். வாசல்லை நிழல் தெரிஞ்சது. நிமிர்ந்து பாக்கேல்லை.

"போன்ழூர் அம்மா."

நான் அடுத்த சீலையை எடுத்து மடிச்சன். அவர் பொட்டலம் எடுக்கேல்லை. வெறுங்கையோட நிலையிலை சாய்ஞ்சு நிண்டார். "நேத்து நீங்க எழுதினீங்களே," எண்டார். "எழுத்து ரெண்டாந்தரம்மா. கோணல் மாணலா இருக்குது."

எனக்குத் திருப்பியும் ஏறினது. "எழுத்தை விடுங்கோ. எழுதின விசயம்? அது எந்தத் தரம்?"

அவர் தெருவைப் பாத்துக்கொண்டு நிண்டார். அந்த வெளிச்சத்திலை அவரின்ர கண்ணிலை படர்ந்த வெள்ளை நல்லாத் தெரிஞ்சது.

"அதுக்குக் கட்டம் போடாம விட்டுட்டேம்மா," எண்டார்.